முழுக்கோடும் புள்ளிக்கோடும்

என் வரைமேசையில், மில்லிமீற்றர் கட்டமிட்ட தாளின் மேல், ஓர் ஆட்டின் கணு எலும்பு இருக்கின்றது. நீளம் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. திருகோணமலைச் சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் நானாவிடம், பின்னங்காலைக் கணுவோடு முழுதாகத் தரும்படி முதன்முதலில் கேட்டபோது, அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “உடைச்சாத்தானே சேர் சூப்புக்குச் சாறு இறங்கும்?” என்றார். “சூப்புக்கு இல்லை நானா, படம் வரைய” என்றேன். அன்று முதல், யாரும் கேட்காத எலும்புகளை அவர் ஒரு பையில் எனக்கென்று எடுத்து வைக்கின்றார். மாட்டின் கணுவும் இப்போது என்னிடம் உண்டு.

வேகவைத்துத் தசையை நீக்கி வெயிலில் காயவைத்த பின் அந்த எலும்பைக் கையில் எடுத்தால், அதன் மேல்முனை கிணற்றுக் கப்பியைப் போல நடுவே பள்ளமும் இருபுறமும் உயர்ந்த விளிம்புமாக இருப்பது விரலுக்கே தெரியும். திருப்பிப் பிடித்தால் கீழ்முனையிலும் அதே கப்பி. நாய்க்கும் பூனைக்கும் நமக்கும் மேல்முனையில் மட்டுந்தான் இப்படிப் பள்ளம் உண்டு. இரு முனைகளிலும் கப்பி அமைந்திருப்பது ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை ஆகியவை சேர்ந்த இரட்டைக் குளம்பினத்தின் அடையாளம். 2001ஆம் ஆண்டில் பிலிப் ஜிஞ்சரிச் என்ற அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளரின் குழுவினர், பாகிஸ்தானில் ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள் பழமையான பாறையிலிருந்து எடுத்த இரண்டு விலங்குகளைப் பற்றி எழுதினார்கள். ஆர்ட்டியோசீட்டஸ், ரோடோசீட்டஸ் என்பன அவற்றின் பெயர்கள். மண்டையோட்டைப் பார்த்தால் அவை திமிங்கிலங்கள். கணுவில் இருந்ததோ, நானா எனக்குத் தந்த இதே இரட்டைக் கப்பி.

கோணேசர் கோயில் மலையின் விளிம்பில் நின்று, தொலைவில் நீலத் திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீர்த்தாரையைக் கண்டவர்கள் இந்த ஊரில் பலர். கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு பெரும் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், உலகின் மிகப் பெரிய விலங்கு நம் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை வந்து போகின்றது. அதன் மூதாதை நான்கு காலில் நிலத்தில் நடந்தது என்று வெறுமனே சொன்னால் கேட்பவர்கள் நம்புவதில்லை. அவர்கள் நம்பவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஆட்டுக் கணுவையும் அந்தப் பழைய திமிங்கிலத்தின் கணுவையும் ஒரே தாளில் அருகருகே வரைந்து முகநூலில் இட்டபோது, மறுநாள் காலைக்குள் பலருடைய சமையலறைகளில் எலும்பு தேடும் வேலை நடந்திருந்தது. மூதூரிலிருந்து ஓர் அக்கா, குழம்புச் சட்டியிலிருந்து எடுத்த கணுவைக் கழுவித் துடைத்து, அருகில் ஐந்து ரூபாய்க் குற்றியை அளவுக்கு வைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். குற்றியை வைக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு வந்த படங்களிலெல்லாம் இன்றுவரை அதையே மிக உயர்வாக மதிக்கின்றேன்.

நான் தொழிலால் படவரைஞன். நில அளவையாளர்கள் கொண்டுவரும் அளவீடுகளைக் காணி வரைபடமாக்குவது இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை. அதில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கையில் படிந்துவிட்ட ஒழுங்கு ஒன்று உண்டு: நிலத்தில் நின்று அளந்த எல்லை முழுக்கோடு, அளக்காமல் வேறு ஆதாரத்தைக் கொண்டு காட்டும் எல்லை புள்ளிக்கோடு, அளவுத்திட்டமும் வடக்குக் குறியும் இல்லாத தாள் வரைபடமே அல்ல. புள்ளிக்கோடு வரவேண்டிய இடத்தில் முழுக்கோட்டை இழுத்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து இரண்டு குடும்பங்கள் அந்தக் கோட்டின் பேரில் நீதிமன்றம் ஏறும். தொல்விலங்குகளைப் பற்றித் தமிழில் வரைந்தும் எழுதியும் இணையத்தில் பகிரத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஒழுங்கையே அங்கும் கொண்டு செல்ல முயல்கின்றேன். பாறையிலிருந்து கிடைத்த எலும்பு முழுக்கோட்டில் இருக்கவேண்டும். உறவான விலங்குகளைப் பார்த்து நிரப்பிய பகுதி புள்ளிக்கோட்டில் இருக்கவேண்டும். பக்கத்தில் அளவுத்திட்டம் வேண்டும். இம்மூன்றும் இல்லாமல் பகிரப்படும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்ப்பவரிடமிருந்து எதையோ மறைக்கின்றது என்றே நான் கருதுகின்றேன்.

2024 ஏப்ரலில் வாசுகி வந்தது. குஜராத்தின் கச்சுப் பகுதியில், பனந்திரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒரு மாபெரும் பாம்பின் எலும்புகளை ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விவரித்து, வாசுகி இண்டிகஸ் என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாம்பு அது. மேலே சொன்ன நடக்கும் திமிங்கிலங்களின் காலத்ததுதான். சிவன் கழுத்துப் பாம்பின் பெயர் என்பதால் இந்த ஊரில் செய்தி ஒரே நாளில் எல்லாக் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது. வந்த படங்களிலோ பாம்பு படமெடுத்து நின்றது. சில படங்களில் நாகத்துக்குரிய கண்ணாடிக் குறியும் இருந்தது. நீளம் ஐம்பது அடி என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தது.

கிடைத்தவை 27 முள்ளந்தண்டு எலும்புகள், தலை கிடைக்கவில்லை. அந்த எலும்புகளின் அகலத்தை இன்றைய பாம்புகளோடு ஒப்பிட்டு, வெவ்வேறு கணக்கு முறைகளில் ஆய்வாளர்கள் பெற்ற நீளம் 10.9 முதல் 15.2 மீற்றர்வரை. ஐம்பது அடி என்பது அந்த எல்லையின் மேல்முனை மட்டுமே. கீழ்முனையை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு பெரிய பேருந்தின் நீளத்துக்குக் கிட்டவரும். நான் 1:50 அளவுத்திட்டத்தில் இரண்டு பாம்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தேன்: ஒன்று 21.8 சென்ரிமீற்றர், மற்றது 30.4. இரண்டிலும் 27 எலும்புகளை மட்டும் கறுப்பு மையில் நிரப்பி, மற்ற உடல் முழுவதையும் புள்ளிகளாக விட்டேன். படமெடுக்கும் கழுத்தை வரையவில்லை. அது நாகங்களின் கிளைக்குரியது, வாசுகி வேறொரு கிளை. தாளில் கறுப்பு எவ்வளவு குறைவாகவும் புள்ளி எவ்வளவு அதிகமாகவும் இருந்தது என்பதைப் பார்த்த ஒருவர், “இவ்வளவுதானா?” என்று கேட்டிருந்தார். இவ்வளவுதான். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்காத ஒரு முதுகெலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை கோடி ஆண்டுக்கு முந்திய ஓர் உயிரின் நீளத்தை ஐந்து மீற்றர் ஐயத்துக்குள் மனிதர்கள் கட்டிப்போட்டிருக்கின்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கின்றது. படமெடுத்த பாம்பின் படம் அந்தச் சிலிர்ப்பைத் தருவதில்லை.

அரியலூர்க் கதை இதைவிடக் கடினமானது. தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில், கல்லமேட்டில் கிடைத்த பாரிய எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, ஐயாசாமி என்ற இருவர் பிருகத்காயசோரஸ் என்ற டைனோசோரை விவரித்தார்கள். கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீற்றர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது. பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணிகளோடு சேர்த்தார்கள். நூறு தொன்னைத் தாண்டியிருக்கும் என்ற கணிப்புகளும் உண்டு. “உலகிலேயே பெரிய டைனோசோர் தமிழ் மண்ணில்” என்ற செய்தி ஆண்டுக்கு ஒருமுறையாவது எனக்கு வந்துசேரும். அனுப்புபவர்களின் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. தளர்ந்த மண்ணில் கிடந்த அவை எடுக்கப்பட்ட பின் உதிர்ந்து போய்விட்டன. வரைபடங்களும், 2022இல் வெளியிடப்பட்ட சில பழைய ஒளிப்படங்களுமே எஞ்சியிருக்கின்றன.

இதற்கு எந்தக் கோட்டை இடுவது என்று நெடுநாள் யோசித்தேன். விடை அலுவலகத்திலேயே இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரக் காணிகள் பலவற்றில் எல்லைக்கற்கள் காணாமற் போயிருந்தன. வேலியும் மதிலும் மரமும் போயிருந்தன. எங்கே யாருடைய காணி தொடங்கியது என்பதற்குப் பழைய வரைபடம் ஒன்றே சாட்சியாக நின்றது. அந்தத் தாள்களை விரித்து வேலை செய்த மாதங்களில், முன்பு யாரோ ஒருவர் ஒழுங்காக அளந்து ஒழுங்காக வரைந்து வைத்ததன் அருமையை அறிந்தேன். அளக்கப்பட்டது, ஆனால் இப்போது நிலத்தில் இல்லை என்பதைத் தனியாகக் குறிக்கவேண்டும். ஆகவே பிருகத்காயசோரஸின் எலும்புகளைச் சாம்பல் நிற முழுக்கோட்டில் வரைந்து, “1987இல் விவரிக்கப்பட்டவை, இன்று இல்லை” என்று கீழே எழுதினேன். தமிழ் மண்ணின் பெருமையைக் குறைத்துவிட்டேன் என்று சிலர் வருந்தினார்கள். தந்தையின் காணி உறுதி தொலைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், தந்தைக்குக் காணியே இருக்கவில்லை என்று பொருளாகாது என அவர்களுக்குப் பதில் எழுதினேன்.

பொய்ப்படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் உண்மையானவற்றைவிட அவைதான் வேகமாகப் பரவுகின்றன. குழியொன்றில் மாபெரும் மனித எலும்புக்கூடு கிடக்க, அதன் தலைமாட்டில் ஒரு மனிதர் எறும்பளவில் நின்று தோண்டும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இந்தியாவில் அது கடோற்கசனின் எலும்பு என்று சுற்றியது. எனக்கு என் மருமகன் வட்ஸ்அப்பில் அனுப்பியபோது அது இராவணனுடையதாகியிருந்தது. “மாமா, இது மெய்யோ?” என்று கீழே கேட்டிருந்தான். அந்தப் படம் 2002இல் கணினியில் படங்களை மாற்றியமைக்கும் போட்டி ஒன்றுக்காகச் செய்யப்பட்டது. அடியில் இருக்கும் உண்மையான ஒளிப்படம், 2000ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில், ஒரு வீட்டுக் குளத்தில் மஸ்தொடன் என்ற, யானையின் அற்றுப்போன உறவு விலங்கைத் தோண்டியபோது எடுக்கப்பட்டது. அந்த விலங்கின் எலும்புகள் உண்மையானவை, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையானவை, எவரையும் வியக்கவைக்கக் கூடியவை. அந்தக் குழியைத்தான் மறைத்து மனித எலும்பை ஒட்டினார்கள்.

மருமகனுக்கு நான் வேறொன்றையும் விளக்கினேன். ஒரு மனிதனை உருவம் மாறாமல் பத்து மடங்கு உயரமாக்கினால், அவன் எடை ஆயிரம் மடங்காகும். எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் ஆகும். எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து மடங்கு சுமை தாங்கவேண்டும். யானையின் கால் தூணைப் போலத் தடித்திருப்பதும் மானின் கால் மெலிந்திருப்பதும் இதனால்தான். கோணேசர் மலையில் இராவணன் வெட்டைப் பார்த்துக் கதை கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கதை எனக்கு இன்றும் இனிமையானது. அதற்குச் சாட்சியாக யாரும் பொய் எலும்பு கொண்டுவரத் தேவையில்லை.

முழுக்கோடு நிறைந்த விலங்கும் உண்டு. 2011 மார்ச்சில் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், எண்ணெய் மணல் சுரங்கம் ஒன்றில் மண் அள்ளும் பொறியை இயக்கிய தொழிலாளி, வாளியில் விழுந்த கல்லின் நிறமும் கோலமும் வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் கண்டு வேலையை நிறுத்தினார். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்து, வெள்ளத்தில் கடலுக்கு இழுபட்டு, மல்லாந்தபடி கடலடிச் சேற்றில் புதைந்த ஒரு கவச டைனோசோர் அது. அருங்காட்சியகத்தில் மார்க் மிச்செல் என்பவர் ஏறத்தாழ 7,000 மணிநேரம் அந்தக் கல்லை மணல் மணலாகக் கொறித்து நீக்கினார். எலும்பு மட்டுமன்றி, கவசத் தகடுகளும் அவற்றின் மேலுறையும் தோலின் செதில்களும் உயிரோடு இருந்தபோது இருந்த இடத்திலேயே இருந்தன. நிறப்பொருளின் எச்சத்திலிருந்து முதுகு செம்பழுப்பு, வயிற்றுப்புறம் வெளிறியது என்று கண்டறிந்தார்கள். வயிற்றில் கடைசியாகத் தின்ற பன்னங்கள்கூட இருந்தன. 2017இல் இட்ட போரியலோபெல்டா மார்க்மிச்செல்லி என்ற பெயரில் அந்தத் தொழிலாற்றியவரின் பெயர் நிலைத்துவிட்டது. ஓர் ஆணியின் நுனியளவு வேலையில் நாளைக் கழிக்கும் எனக்கு, அந்தப் பெயர் வைத்தவர்கள்மீது தனி மரியாதை உண்டு. இதன் ஒளிப்படத்தை நான் பகிர்ந்தபோது, “செய்து வைத்த பொம்மை” என்று சொன்னவர்களே அதிகம். பொய்யை உண்மை என்றும் உண்மையைப் பொம்மை என்றும் கொள்ளும் நிலைக்கு அளவுத்திட்டமில்லாத படங்கள் நம்மைக் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. அந்தப் போரியலோபெல்டாவிலும், இடுப்புக்குப் பின்னால் உள்ள பகுதி பெரும்பாலும் கிடைக்கவில்லை. அங்கே நான் புள்ளிக்கோடுதான் இட்டேன்.

பகிர்வதற்கு வேறொரு வலுவும் உண்டு. பிரேசிலின் அரரிப்பே பகுதியிலிருந்து ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்ட, இறகு போன்ற இழைகள் கொண்ட சிறு டைனோசோர் ஒன்று 2020 இறுதியில் உபிராஜாரா என்ற பெயரில் வெளியானபோது, அதைத் திருப்பித் தரும்படி பிரேசில் மக்கள் இணையத்தில் விடாது குரல் எழுப்பினார்கள். 2023இல் அது ஊர் திரும்பியது.

எனக்கு மிக அதிகமாக வருவது கற்களின் படம். நிலாவெளிக் கரையில் பொறுக்கிய உருண்டைக் கல்லை “டைனோசோர் முட்டையா?” என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது எழுதுவார். அவர்களுக்கு இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லி முடிப்பது பாவம் என்று நினைக்கின்றேன். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம், எலும்புள்ள உயிர்கள் தோன்றுமுன்பே உருவாகி, பூமியின் ஆழத்தில் வெந்து அழுந்தி உருமாறிய பாறை. திருகோணமலையும் அதன் மேல்தான் நிற்கின்றது. ஆகவே உயிர்ச்சுவடு வேண்டுமானால் வேறிடம் போகவேண்டும். புத்தளம் மாவட்டத்தின் தப்போவவில் ஜுராசிக் காலத்துச் செடிகளின் பதிவுகள் கிடைத்தன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல், டைனோசோர்கள் அற்றுப்போய் நெடுங்காலம் கழித்து வந்த மயோசீன் காலத்துக் கடலடி. அங்கே கிணறு வெட்டிய கல்லை உடைத்தால் சிப்பிகளின் அச்சைக் காணலாம் என்று எழுதியதும், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரியவர் தம் வீட்டுக் கிணற்றுக் கட்டின் படத்தை அனுப்பி, “அறுபது வருசமா இதிலதான் வாளி வைக்கிறன் தம்பி” என்று எழுதினார். அந்தக் கல்லில் நான்கு சிப்பிகள் தெளிவாகத் தெரிந்தன.

உயிர்ச்சுவடு என்ற சொல்லையே நான் எழுதுகின்றேன். தமிழ்நாட்டு நண்பர்கள் புதைபடிவம் என்பார்கள். அதுவும் நல்ல சொல்தான். ஆயினும் சுவடு என்றால், போனவர் இல்லை, போன தடம் இருக்கின்றது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகின்றது. எங்கள் பள்ளிப் பாடநூலில் படித்த சொல் என்பதால் பிள்ளைகளுக்கும் விளக்கவேண்டியதில்லை.

இந்தத் தீவின் எலும்புகள் பெரும்பாலும் இரத்தினபுரியில் இருந்து வந்தவை. மாணிக்கக்கல் தேடிக் குழி வெட்டுபவர்கள் சரளைப் படையில் கல்லோடு கல்லாகப் பற்களையும் எலும்புகளையும் கண்டார்கள். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் ஒருகாலத்தில் இங்கே இருந்தன என்பதை அவற்றைக் கொண்டு எழுதியவர் கொழும்பு அருங்காட்சியகத்தின் பி. ஈ. பி. தெரணியகல. இலங்கைச் சிங்கத்தை அவர் 1939இல் விவரித்தார், குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து. கொடியில் மட்டுமே நாம் பார்த்த விலங்கு, பல்லாக நம் மண்ணுக்குள் இருந்திருக்கின்றது.

அந்தச் சிங்கத்தைச் சென்ற மாதம் வரைந்தேன். பற்களைக் கறுப்பில் நிரப்பினேன். உடலைப் புள்ளிகளால் சுற்றினேன். பதிவேற்றிய அன்று மாலை, உவர்மலையில் இருந்து ஒரு சிறுமி தன் தாயின் கைபேசியில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். “மாமா, பல்லு மட்டும்தானே கிடைச்சது. அப்ப பிடரி மயிர மட்டும் ஏன் புள்ளி இல்லாம கோடா கீறியிருக்கிறீங்கள்?”

தாளை எடுத்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். உடல் முழுதும் புள்ளி; பிடரியில் மட்டும், தடித்த பேனாவால், மயிர் மயிராக முழுக்கோடு. இருபது ஆண்டுத் தொழிலில் எந்தக் காணிக்கும் நான் செய்யாத பிழை அது. கை எங்கிருந்தோ பழகிய சிங்கத்தை வரைந்துவிட்டது. பல்லில் இருந்து பிடரியை அறிய வழியில்லை. குஜராத்தின் கீர்க் காட்டுச் சிங்கங்களுக்கே பிடரி குறைவு. பிரான்சின் ஷோவே குகைச் சுவரில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வரைந்த சிங்கங்களுக்கோ பிடரியே இல்லை.

பழைய படத்தை நீக்காமல், அதன் கீழ் பிழையையும் அதைக் கண்டவள் ஒரு சிறுமி என்பதையும் எழுதினேன். பிறகு புதிய தாளில் மறுபடி வரைந்தேன். பிடரி இருக்கவேண்டிய இடத்தில் புள்ளிகூட வைக்கவில்லை. கழுத்தை வெறுமையாக விட்டு, வால் நுனிவரை புள்ளிகளை இட்டு, இரண்டு மீற்றர் அளவுக்கோட்டைக் கீழே வரைந்து, இன்று விடியற்காலையில் பதிவேற்றினேன்.